ஐஸ் தண்ணீரில் முப்பத்தைந்தரை

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் கூடினால் கால் மணி நேரம் இந்தப் பேச்சுதான். ஊறுகாய் போச்சு, அப்பளம் போச்சு, கருவாடு போச்சு என்று ஆளுக்கொரு ஒப்பாரி. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவளுக்கு நாக்கே கிடையாது போல என்று கேலி செய்கிறீர்கள். நாக்கு இருக்கிறது. உப்பைக் குறை என்று யார் சொன்னாலும் மட்டாஞ்சேரியில் அப்பா வேலை பார்த்த ஐஸ் கம்பெனி ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான். அதை ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்துவிட்டு, தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு பழகியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. இறால் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த காலம். கொச்சிக் கரையில் திரும்பிய பக்கமெல்லாம் ஐஸ் கம்பெனி. தூத்துக்குடியிலிருந்து உப்பு மூட்டைகள் வரும். அதற்கு வெகு காலம் முன்பே அப்படி ஒரு லோடோடு லாரியில் வந்து இறங்கிய அப்பா, ஊர் திரும்பாமல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

ஐஸ் கட்டி எப்படி உண்டாகிறது என்று நம் பேரப் பிள்ளைகளைக் கேட்டால் ஃப்ரிட்ஜைக் காட்டுவார்கள். கம்பெனியில் ஒரு பெரிய தொட்டி இருக்கும். அதில் இருப்பது உப்புத் தண்ணீர். அமோனியாக் குழாய்கள் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி வரை குளிரவைக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய நீளத் தகர டப்பாக்களை இறக்கினால், டப்பாவுக்குள் இருப்பது மட்டும் உறைந்து கட்டியாகும். உப்பு குறைந்துபோனால் தொட்டித் தண்ணீரே குழாயைச் சுற்றி உறைந்து கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும். பிறகு குளிர் வெளியே வராது, ஐஸும் ஆகாது. அந்த உப்பு குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் உத்தியோகம்.

உப்பின் கனத்தைக் காட்ட ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. அது உடைந்து ஒரு வருடமாகியும் புதிது வாங்க மானேஜருக்கு மனசு வரவில்லை. அப்பா தொட்டியில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "ரெண்டு மூடை போடணும்" என்பார். மிதவை இருந்த நாளிலும் அது சொன்னதும் அப்பா சொன்னதும் ஒன்றாகத்தான் இருக்குமாம். நூறு பங்கு தண்ணீருக்கு முப்பது பங்கு உப்பு, இதில் அரைப் பங்கு குறைந்தாலும் எனக்குத் தெரியும் என்று அவர் சொல்வதுண்டு. வேறு எதற்கும் பெருமை அடித்துக்கொள்ளாத மனிதர்.

அந்த வருடம் அம்மா பிரசவத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தாள். தம்பி குறை மாதத்தில் பிறந்ததால், இப்போதைக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஏழெட்டு மாதம் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவருக்கு ராத்திரி ஷிப்டு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். காலையில் நான் கிளம்பும்போது சட்டையில் அமோனியா வாடையோடு வந்து படுத்திருப்பார். துணைக்குப் படுக்க வரும் பக்கத்து வீட்டுச் சேச்சி, பாயில் தலை சாய்த்த உடனே குறட்டை விடுவார்.

சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொள்ளவும் வழியில்லை. அப்பாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, எனக்குத் தமிழ் எழுத வராது. அதனால் சாமான்களை வைத்துப் பேசிக்கொண்டோம். குடம் வாசலுக்கு நேரே இருந்தால் குழாயில் இன்று தண்ணீர் வரவில்லை. குடை ஆணியில் தொங்காமல் கட்டிலில் கிடந்தால் கம்பி ஒடிந்திருக்கிறது. சாதச் சட்டியின் மூடிமேல் ஒரு பூவன் பழம் இருந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, சும்மா எனக்காக வைத்தது. சில நாள் அந்தப் பழத்தைத் தின்ன மனசு வராமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டைகளைப் புரட்டும்போது எழும் தூசியில் மூக்கு எரியும். தும்மினால் யாராவது "நூறு" என்று சொல்ல வேண்டுமே, அதற்கும் வீட்டில் ஆளில்லை. எனக்கு அம்மா வேண்டும்போல் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா பயந்துபோவார் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் சாஸ்திர மேளா, அதாவது அறிவியல் கண்காட்சி, வந்தது. இரண்டிரண்டு பேராக ஏதாவது செய்து காட்ட வேண்டும். பத்தாம் வகுப்பில் நாங்கள் ஒற்றைப்படை. ஜோடி சேர்த்தபோது மிஞ்சியது நான். எரிமலை, அணைக்கட்டு, இதயம் எல்லாவற்றையும் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனபின் பலகையில் மிஞ்சியது ஒரே தலைப்பு: உப்பின் கரைதிறன் வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிடுதல்.

"நின்றெ அச்சன் ஐஸ் கம்பெனியிலல்லே? உப்பு நினக்குத் தன்னே" என்றார் டீச்சர். உன் அப்பா ஐஸ் கம்பெனியில்தானே, உப்பு உனக்குத்தான் என்றார். வகுப்பு சிரித்தது. அவர் கேலியாகச் சொல்லவில்லை, என் அப்பாவின் வேலைக்குப் பொருத்தமாகத் தருவதாகத்தான் நினைத்தார். பாவம், அவர் படித்தது செடிகொடி சாஸ்திரம். கெமிஸ்ட்ரி டீச்சர் நீண்ட லீவில் போனதால் அந்தப் பாடத்தையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஓண விடுமுறையில் மலையாளிகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, கம்பெனியில் அரை வேலைதான் நடந்தது. அப்பா பகலில் தூங்காமல் என்னோடு உட்கார்ந்தார். இறால் சோதிக்கும் அறையிலிருந்து ஒரு சின்னத் தராசையும் கிராம் படிக்கற்களையும் கேட்டு வாங்கி வந்திருந்தார். தொட்டியில் தொங்கவிடும் பித்தளை உறை போட்ட தெர்மாமீட்டரும் வந்தது. தெருவெல்லாம் பூக்களம் போட்டு, புதுத் துணி கட்டிப் பிள்ளைகள் திரிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அடுப்படியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தோம். என் சிறுவயதில் அந்த நாலு நாளுக்கு ஈடாக வேறு நாட்கள் கிடையாது.

வேலை எளிதானதுதான். தண்ணீரை ஒரு சூட்டில் நிறுத்தி, இதற்குமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை உப்பைப் போட்டுக் கலக்க வேண்டும். மேலே தெளிந்திருப்பதில் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து நிறுக்க வேண்டும். பிறகு அடுப்பில் வற்றவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். காணாமல் போனது தண்ணீர், மிஞ்சியது உப்பு. உப்பைத் தண்ணீரால் வகுத்து நூறால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். முதல் கிண்ணம் வற்றும்போது உப்பு படபடவென்று வெடித்து, பாதி சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"இதுக்கு என்னளா இம்புட்டுக் கோவம்?" என்று அப்பா சிரித்து, அடுத்த கிண்ணத்துக்கு மூடி போட்டார்.

பூஜ்ய டிகிரிக்கு அவரே ஐஸ் கொண்டுவந்தார். மரத்தூளில் புரட்டிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வழியெல்லாம் சொட்டவிட்டபடி. அண்டாவில் உடைத்த ஐஸ், நடுவில் உப்புத் தண்ணீர் இருக்கும் தம்ளர். தம்ளர் சாய்ந்துவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் அப்பா அந்த ஐஸுக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றதற்கு, "நீ கலக்கு. எனக்கு இது பழகின கை" என்றார். கை வெளியே வந்தபோது உள்ளங்கை வெளுத்து, உப்பு அரித்த வெடிப்புகள் சிவப்பாகத் தெரிந்தன. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஐஸ் தண்ணீரில் முப்பத்தைந்தரை வந்தது. பத்து டிகிரியில் முப்பத்தாறு. சாதாரணத் தண்ணீரில், அதாவது இருபத்தெட்டில், அதே முப்பத்தாறு. நாற்பத்தைந்தில் முப்பத்தாறரை, அறுபதில் முப்பத்தேழு. கை வைக்க முடியாத எண்பதிலும் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு ஏறுவேனா என்று படுத்தே கிடந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"பச்சத் தண்ணியோ வெந்நியோ, உப்புக்கு எல்லாம் ஒண்ணுதாம்ளா. இது எங்களுக்குத் தெரியும்லா" என்றார். தன் தொட்டிக்குப் பள்ளிக்கூடத்துச் சாட்சி கிடைத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆறு எண்களையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

விடுமுறை முடிந்து தாளை டீச்சரிடம் காட்டினேன். புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புத்தகத்தில் ஒரு கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. கீழே, வெப்பம் கூடினால் கரைதிறன் கூடும் என்று ஒரே வரி. அது வெடியுப்பின் கோடு. ஒவ்வொரு உப்புக்கும் ஒவ்வொரு குணம், சமையல் உப்பு அப்படி ஏறாது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. டீச்சருக்கும் தெரியவில்லை.

"மோளே, ஐஸ் வெள்ளத்தில் பஞ்சசார அலியுமோ? பின்னே உப்பு எங்ஙனெ அலியும்?" என்று கேட்டார். ஐஸ் தண்ணீரில் சர்க்கரையே கரையாதபோது உப்பு மட்டும் எப்படிக் கரையும் என்பது அவர் கேள்வி. அடுத்ததாகக் குரலைத் தாழ்த்தி, அளக்காமல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தாயா என்றார்.

அளந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரோடு அளந்தாய் என்று கேட்டால் அப்பாவோடு என்று சொல்ல வேண்டும். அப்பா எதுவரை படித்தவர் என்று அடுத்த கேள்வி வரும். வகுப்பு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை நான் வேறு விதமாகச் சொல்லி அழகு பார்க்க விரும்பவில்லை. அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன். "தெற்றிப்போயி டீச்சர்", தப்பாகிவிட்டது என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே திருத்திவிட்டேன். இருபத்தெட்டு டிகிரியில் இருந்த முப்பத்தாறை மட்டும் விட்டுவைத்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் அடிக்கோலை வைத்து ஏறுமுகமாக ஒரு கோடு போட்டு, கோட்டில் வந்த எண்களை எழுதினேன். எண்பது டிகிரியில் ஐம்பத்தெட்டு. ஐஸில் இருபத்துநாலு. நாலு நாள் வேலையை அழிக்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. டீச்சர் பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளையின் கை என் கன்னத்தில் பட்டது. அதற்காக இன்னும் நாலு கோடுகூடத் திருத்தியிருப்பேன்.

மேளா அன்று அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி வேலை முடிந்து தூங்காமல், குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். மலையாள எழுத்து தெரியாவிட்டாலும் எண் படிப்பார். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஐஸ் புள்ளியில் நின்றார்.

"ஏளா, இதுல முப்பத்தஞ்சரைல்லா வந்துது?"

டீச்சர் பக்கத்தில்தான் இருந்தார். பரிசுக்கு மதிப்பெண் போடுகிறவர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று தெரியவில்லை. "அது தப்புப்பா. நீங்க தம்ளரைப் புடிச்சீங்கல்லா, உங்க கைச்சூடு பட்டுக் கூடிப்போச்சு" என்றேன்.

அப்பா தன் கைகளைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். படித்தவர்கள் கண்டுபிடித்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் முகம். அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. பூஜ்யத்துக்கும் கீழே வெற்றுத்தாளில் விரலை வைத்து, "இந்தக் கோடு இன்னும் கீழ போனா? எங்க தொட்டி பன்னெண்டு கீழ இருக்குமே, அங்க எவ்வளவு கரையும்?" என்றார்.

நான் அடிக்கோலை வைத்துக் கோட்டை நீட்டினேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற மிதப்பு. "பத்தொம்பது" என்றேன்.

"நாங்க முப்பது போடுதோமே. அப்ப மிச்சம்லாம் கரையாமத்தான் தொட்டியடியில சேறாக் கெடக்கா?"

"ஆமாப்பா."

அந்தச் சேறு உப்போடு வரும் மண் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் தம்ளர் கிடைத்தது. அதை அப்பா சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, வழியில் தெரிந்தவர்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

மறுநாளிலிருந்து கம்பெனியில் உப்பு மூட்டை பிரிப்பதைக் குறைத்துவிட்டார். டப்பாக்களைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது தொட்டியில் உப்பு தானாகவே குறைந்துகொண்டு வரும். அதை ஈடுகட்டாமல் பத்தொன்பதுக்கு இறங்கட்டும் என்று விட்டார். உப்பு அதிகம் செலவாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த மானேஜர் முதுகில் தட்டிப் பாராட்டினாராம். மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் வந்திருக்க வேண்டிய அப்பா மத்தியானம்வரை வராததால் சோறு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாசலில் வரிசையாக இறால் கூடைகள், ஐஸ் இல்லாமல் நாற ஆரம்பித்திருந்தன. படகுக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேலே மூடியிருந்த பலகைகளைத் தூக்கிவிட்டு நாலைந்து பேர் தொட்டிக்குள் குனிந்து, குழாய்களைச் சுற்றி இறுகியிருந்த ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே எடுத்து வைத்த கட்டிகளின் நடுவில் தண்ணீர் ஆடியது.

"ஆரு பறஞ்ஞிட்டாடோ உப்பு குறச்சது?" என்று மானேஜர் கத்தினார். யார் சொல்லி உப்பைக் குறைத்தாய் என்று அதே கேள்வியை மூன்று தடவை கேட்டார்.

"ஆரும் பறஞ்ஞில்ல சார். என்றெ கணக்கு தெற்றிப்போயி" என்றார் அப்பா. யாரும் சொல்லவில்லை, தன் கணக்குத்தான் தப்பிவிட்டது என்றார். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்து நிற்பதே அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தூக்குச்சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். கணக்கைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "பத்தொம்பதுக்கும் கீழ எறங்க விட்டுட்டேன் போல. நாக்கு ஏமாத்திட்டுளா. வயசாகுதுல்லா" என்றார். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை.

வேலையிலிருந்து நீக்கவில்லை. தொட்டிக்கு வேறு ஆள் போட்டு, அப்பாவை ஐஸ் உடைத்துக் கூடையில் அள்ளிப் போடும் வேலைக்கு மாற்றினார்கள். மாதங்கள் கழித்து அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீடு நிறைந்தது. அப்பாதான் பழைய அப்பாவாக இல்லை. எதையும் தானாக நம்புவதை விட்டுவிட்டார். பால் திரிந்திருக்கிறதா, பஸ் நம்பர் இதுதானா, தம்பிக்குக் காய்ச்சல் அடிக்கிறதா, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுவார். பிள்ளையின் நெற்றியில் தொட்ட கையை எடுத்துவிட்டு, "நீ தொட்டுப் பாத்துச் சொல்லுளா. என் கைக்குத் தெரிய மாட்டேங்கு" என்பார்.

பிரீடிகிரி சேர்ந்த வருடம் காலேஜ் நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தில் அட்டவணையைப் பார்த்தேன். சமையல் உப்பு, பூஜ்ய டிகிரி, முப்பத்தைந்து புள்ளி ஏழு. அடுப்படியில் ஐஸுக்குள் கையை விட்டுக்கொண்டு அளந்ததற்கும் அச்சடித்ததற்கும் கால் கிராம்கூட வித்தியாசமில்லை. அதுவரை டீச்சர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? உங்களை நினைத்து வெட்கப்பட்டேன் என்றா? நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, பேச வேண்டியது வருடக்கணக்காக நெஞ்சில் கிடந்தது. வீடு நிறைய ஆளிருந்தும் அம்மா இல்லாத அந்த ஏழெட்டு மாதத்தைவிடத் தனியாக இருந்தேன்.

கடைசியில் சொன்னேன். அம்மா காலமான பிறகு அப்பா என் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவர் வாய் கொப்பளித்து வந்து உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாம் அளந்தது சரி, நான்தான் டீச்சருக்காகத் திருத்தினேன், கைச்சூடு என்று சொன்னது பொய், உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை, தொட்டி உறைந்தது என் கோட்டினால் என்றேன். அதே அட்டவணை இருந்த ஒரு புத்தகத்தைத் தேடி வாங்கி வைத்திருந்தேன், அதைத் திறந்து அந்த எண்ணையும் காட்டினேன். அவர் கோபப்பட வேண்டும், ஒரு தடவையாவது என்னை அறைய வேண்டும், இல்லையென்றால் "அப்ப என் கை சரியாத்தான் இருந்துதா" என்று சந்தோஷப்பட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மேளாவில் தலையாட்டினாரே, அதே மாதிரி மெல்லத் தலையாட்டினார்.

"அப்பிடியா? நீ சொன்னாச் சரியாத்தாம்ளா இருக்கும்" என்றார்.